எறும்புக்கு எந்த ஊர்?

'வந்தேறி' என்ற சொல்லுக்கு அகராதியில் பெரிய பொருள் எதுவும் இல்லை. வந்து குடியேறியவர், அவ்வளவுதான். ஆனால் இந்த நாட்டில் அந்தச் சொல்லை யார், யாரை நோக்கி, எந்த ஆண்டில் சொன்னார்கள் என்று பார்த்தால்தான் அதன் கனம் தெரியும். அது உரத்துச் சொல்லப்பட்ட பிறகு சில வேளை ஒரு சட்டம் வந்திருக்கிறது. சில வேளை ஒரு கலவரம் வந்திருக்கிறது. சில வேளை ஊர்கள் சில மணித்தியாலங்களுக்குள் காலியாகியிருக்கின்றன. மலையகத் தமிழரும் முஸ்லிம்களும் வெவ்வேறு காலங்களில் அதைத் தம் காதால் கேட்டவர்கள். ஆகவே அதே சொல் விஞ்ஞான பாடத்தின் வழியாக வகுப்பறைக்குள் நுழையும்போது ஓர் ஆசிரியன் சற்று நிதானிக்க வேண்டியவனாகிறான்.

இங்கே நான் எழுத வந்தது எறும்புகளைப் பற்றி. எறும்புகளின் வழியாக ஒரு நியாயத்தைப் பற்றி.

பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மட்டுமன்றிப் பாடசாலைப் பிள்ளைகளும் இல்லத்தரசிகளும் ஓய்வுபெற்றவர்களும் தத்தம் சூழலில் காண்பதை ஒழுங்காகப் பதிந்து ஆய்வுக்கு உதவும் முறை உலகெங்கும் வளர்ந்து வருகிறது. குடிமக்கள் விஞ்ஞானம் என்று அதற்குப் பெயர். 2011 ஆம் ஆண்டு அமெரிக்காவின் வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழகத்தில் அன்ட்ரியா லக்கி, ரொப் டன் ஆகிய ஆய்வாளர்கள் 'எறும்புப் பள்ளி' என்றொரு திட்டத்தைத் தொடங்கினார்கள். செய்முறை மிக எளிது. சிறிய வெள்ளை அட்டைகள். ஒவ்வொன்றின் மீதும் கொஞ்சம் பிஸ்கட் தூள். சில அட்டைகள் புல்தரையில், சில சீமெந்துத் தரையில். ஒரு மணித்தியாலம் கழித்து, வந்திருக்கும் எறும்புகளோடு சேர்த்து அட்டையைப் பையிலிட்டு, உறையவைத்து, இடத்தையும் நேரத்தையும் எழுதி அனுப்பிவிட வேண்டும். ஆசியாவிலிருந்து அந்நாட்டுக்குப் போய்ச் சேர்ந்த ஊசி எறும்பு, ஆய்வாளர்கள் எண்ணியிருந்ததைவிட வெகுதூரம் பரவியிருப்பது இவ்வாறுதான் தெரிய வந்தது.

டென்மார்க்கிலும் 'எறும்பு வேட்டை' என்ற பெயரில் சிறுவர்களுக்கென ஒரு திட்டம் நடந்தது. 2015 இல் முன்னோடி முயற்சி. பின்னர் 2017, 2018 ஆம் ஆண்டுகளில் விரிவான கணக்கெடுப்பு. அந்நாட்டு இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் தாவரவியல் பூங்காவில் சிறுவர்கள் கண்டெடுத்த ஓர் எறும்பு, அங்கு நிலைபெற்ற முதலாவது அந்நிய எறும்பினம் என்று பின்னர் உறுதியானது. 'டெட்ராமோரியம் இமிக்ரன்ஸ்' என்பது அதன் விஞ்ஞானப் பெயர். இமிக்ரன்ஸ் என்றால் குடிபெயர்ந்து வருவது என்று பொருள். பெயரிலேயே கடவுச்சீட்டைக் கொண்டு பிறந்த எறும்பு!

இவற்றை வாசித்த பின்னர் தெமோதரையில் எங்கள் தரம் 8 மாணவர்களுடன் இதே கணக்கெடுப்பைச் செய்யத் தொடங்கினேன். உறையவைக்கும் வசதி எங்களிடம் இல்லை. கொன்று சேர்ப்பதில் எனக்கு விருப்பமும் இல்லை. மாரி பிஸ்கட் தூளும் பழைய கலண்டர் அட்டையும் உருப்பெருக்குக் கண்ணாடியும் ஒரு கைத்தொலைபேசியும் போதுமாயிருந்தன. பாடசாலை முற்றம், தேயிலை மலையின் ஓரம், லயத்துப் பின்புறக் குப்பைக் குழி, ஆற்றங்கரை மரநிழல், ரயில் பாதையை அடுத்த புல்வெளி என்று ஐந்து இடங்களைத் தெரிந்தெடுத்தோம். எந்த எறும்பு முதலில் வந்தது, எத்தனை வந்தன, தனியாக வந்ததா கூட்டமாக வந்ததா, மற்ற எறும்புகளை விரட்டியதா என்று எழுத வேண்டும். பெயர் தெரியாவிட்டால் படம் வரைய வேண்டும். தாமாக ஒரு பெயர் வைத்துக்கொள்ளலாம். முசுறும் கட்டெறும்பும் சுள்ளெறும்பும் அவர்களுக்கு முன்னரே தெரியும். நிற்காமல் அங்குமிங்கும் ஓடும் கறுப்பெறும்புக்கு 'பஸ் தவறவிட்டவர்' என்று ஒருவன் பெயர் வைத்தான். ஆங்கிலத்தில் அத்தகைய எறும்பைப் பைத்திய எறும்பு என்பார்கள். எங்கள் மாணவனின் பெயர் அதைவிட மரியாதையானது.

சிக்கல் வந்தது அட்டவணையில்தான். மாதிரிப் படிவங்களைப் பார்த்து 'சுதேச இனம்', 'அந்நிய இனம்' என்று இரண்டு நிரல்களை வரைந்திருந்தோம். ஒரு மாணவி கேட்டாள்:

"சேர், வெளிநாட்டிலயிருந்து வந்த எறும்பு எத்தன வருசம் இங்க இருந்தா சுதேசம்னு எழுதலாம்?"

அவளுடைய பாட்டனார் நாடற்றவர் என்ற பட்டத்தோடு வாழ்நாளின் பெரும்பகுதியைக் கழித்தவர். அவள் அதை நினைத்துக் கேட்கவில்லை. எறும்பைப் பற்றித்தான் கேட்டாள். ஆனால் அந்தக் கேள்வியை இந்த மண்ணில் ஏற்கனவே ஓர் அரசாங்கம் மனிதரைப் பார்த்துக் கேட்டிருக்கிறது.

1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் தோட்டத் தொழிலாளரில் மிகப் பெரும்பாலோரைப் பிரஜைகள் அல்லாதவராக்கியது. மறு ஆண்டு வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவாளர் சட்டம், மணமானவருக்கு ஏழு ஆண்டு, மணமாகாதவருக்குப் பத்து ஆண்டு என்று தொடர்ச்சியான வதிவுக்குக் கணக்கு வைத்தது. பிறப்புச் சாட்சிப் பத்திரமே இல்லாத லயத்து மனிதர் வதிவை எதைக் கொண்டு நிரூபிப்பார்? 1964 இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி 1974 வரை ஒத்திவைக்கப்பட்டது. எல்லாம் ஒருவாறு முடிவுக்கு வர 2003 ஆம் ஆண்டின் 35 ஆம் இலக்கச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. ஐம்பத்தைந்து ஆண்டுகள்! தேயிலைச் செடிக்கு மட்டும் எவரும் வதிவுச் சான்று கேட்கவில்லை. சீனத்திலிருந்தும் அசாமிலிருந்தும் வந்த அச்செடி 'சிலோன் டீ' என்று நாட்டின் பெயரையே சூடிக்கொண்டது. அதற்கு நிழல் தரும் கிரவீலியா மரம் அவுஸ்திரேலியாவிலிருந்து வந்தது. அதையும் எவரும் வந்தேறி என்றதில்லை.

மாணவியின் கேள்விக்கு விஞ்ஞானம் என்ன பதில் சொல்கிறது? மனிதரின் துணையின்றித் தானாக ஓரிடத்தில் தோன்றிய அல்லது வந்து சேர்ந்த இனம் சுதேச இனம்; மனிதர் கொண்டுவந்தது, தெரிந்தோ தெரியாமலோ, அந்நிய இனம். ஆண்டுக் கணக்கு இதில் இல்லை. எனினும் நடைமுறையில் ஒரு கோடு வேண்டியிருப்பதால் ஐரோப்பியத் தாவரவியலாளர் சுமார் 1500 ஆம் ஆண்டை எல்லையாக வைத்து, அதற்கு முன் வந்தவை பழைய வரவுகள், பின் வந்தவை புதிய வரவுகள் என்று பிரிக்கிறார்கள். கொலம்பஸின் கப்பலோடு தொடர்புடைய எல்லை அது. இயற்கை போட்ட கோடு அன்று. மனிதர் தம் வசதிக்குப் போட்டது.

எறும்புகளை எடுத்துக்கொண்டால் இந்தக் கோடு மேலும் மங்கிவிடுகிறது. கடித்தால் தீப்பட்டாற்போல் எரியும் வெப்பவலய நெருப்பெறும்பின் தாயகம் அமெரிக்கக் கண்டம். மரபணு ஆய்வுகளைக் கொண்டு 2015 இல் வெளியான ஒரு கட்டுரை அதன் பயண வழியைத் தேடிக் கண்டது: மெக்சிக்கோவின் அகபுல்கோவிலிருந்து பிலிப்பைன்ஸின் மணிலாவுக்கு ஸ்பானியர் வெள்ளியேற்றிச் சென்ற கப்பல்களில், பதினாறாம் நூற்றாண்டிலேயே அது பழைய உலகத்துக்கு வந்துவிட்டது. இலங்கையிலும் இன்று அது உண்டு. கப்பலைக் கட்டியது எறும்பா? வெள்ளிக்கு ஆசைப்பட்டது எறும்பா? அது கப்பலின் மண்ணில் உறங்கிக் கிடந்தது. விழித்தபோது வேறொரு நாடு.

மஞ்சள் பைத்திய எறும்பின் கதை இன்னும் விசித்திரமானது. நீண்ட கால்களும் மெலிந்த மஞ்சள் உடலும் கொண்ட இது, உலகின் மிகக் கொடிய ஆக்கிரமிப்பு இனங்களின் பட்டியலில் இடம்பெற்றது. ஆனால் அதன் தாயகம் எது என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆபிரிக்கா என்பார் சிலர். ஆசியா என்பார் சிலர். ஆசியாதான் என்றால் அது நம்முடைய அயலானாகவும் இருக்கலாம். 'அந்நியன்' என்று உலகமே ஒருமுகமாகக் குற்றஞ்சாட்டும் உயிரின் சொந்த ஊர் எதுவென்று எவராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை! மாணவர்கள் ரயில் பாதையருகே வரைந்து வந்த படங்களில் ஒன்று இதை ஒத்திருந்தது. எந்த நிரலில் எழுதுவது என்று அவர்கள் கேட்டது நியாயமான கேள்விதான்.

இவ்விடத்தில் ஒரு எச்சரிக்கை அவசியம். வந்தேறி என்ற சொல்லால் காயப்பட்ட நாம், ஆக்கிரமிப்பு இனங்கள் என்ற கருத்தே பொய், அது துவேஷத்தின் இன்னொரு முகம் என்று சொல்லிவிடத் துடிக்கக்கூடும். அப்படி எழுதியோரும் மேற்குலகில் உண்டு. அது சரியன்று. தீங்கு உண்மையானது.

இந்து சமுத்திரத்தில் கிறிஸ்மஸ் தீவு என்றொரு சிறு தீவு இருக்கிறது. ஆண்டுதோறும் கோடிக்கணக்கான செந்நண்டுகள் காட்டிலிருந்து கடலுக்கு இறங்கும் காட்சிக்கு அது புகழ்பெற்றது. மஞ்சள் பைத்திய எறும்பு 1915 க்கும் 1934 க்கும் இடையில் அங்கு வந்து சேர்ந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் அது யாருக்கும் தெரியாமல் இருந்தது. 1989 இல் எல்லையற்ற பெருங்கூட்டங்களாக அது பெருகியிருப்பது முதன்முதலில் அவதானிக்கப்பட்டது. எறும்பு தெளிக்கும் அமிலம் நண்டின் கண்களைக் குருடாக்கியது. ஒரு கோடிக்கும் மேற்பட்ட நண்டுகள் மடிந்தன என்று கணிக்கப்படுகிறது. நண்டுகள் இல்லாத காட்டில் சருகு குவிந்தது, செடிகள் மண்டின. காட்டின் முகமே மாறியது. தமிழகத்திலும் 2022 ஆகஸ்டில் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் பக்கத்துக் கரந்தமலைக் காட்டை ஒட்டிய கிராமங்களில் இதே எறும்பு ஆடு மாடுகளைத் தாக்குவதாக மக்கள் முறையிட்டார்கள். மேய்ச்சலுக்குப் போக முடியாத அந்த மனிதர்களிடம் போய், 'அந்நியம் என்று எதுவுமில்லை, எல்லாம் இறைவனின் படைப்பு' என்று தத்துவம் பேசினால் அது தத்துவமாகாது, கல்நெஞ்சமாகும்.

அப்படியானால் எதை வைத்து நியாயம் தீர்ப்பது? விஞ்ஞானம் இங்கே இரண்டு கேள்விகளை வேறுவேறாக வைத்திருக்கிறது. எங்கிருந்து வந்தது என்பது ஒன்று. வந்த இடத்தில் என்ன செய்கிறது என்பது மற்றது. 1992 இல் உருவான உயிர்ப் பல்வகைமைச் சமவாயம்கூட அந்நிய இனங்கள் அனைத்தையும் ஒழிக்கச் சொல்லவில்லை. சூழற்றொகுதிகளையும் வாழிடங்களையும் பிற இனங்களையும் அச்சுறுத்துபவற்றைத்தான் குறிக்கிறது. நம் வீட்டுக் கொய்யா அமெரிக்கக் கண்டத்தது, மிளகாயும் அப்படியே. வந்தவை எல்லாம் ஆக்கிரமித்தவை அல்ல. துவேஷம் செய்கிற வேலை இந்த இரண்டு கேள்விகளையும் ஒன்றாக்கிவிடுவதுதான். எங்கிருந்து வந்தாய் என்பதற்கான பதிலையே, என்ன செய்தாய் என்பதற்கான தீர்ப்பாக அது எழுதிவிடுகிறது.

கிறிஸ்மஸ் தீவின் கதையில் மூன்றாவதாக ஒரு கேள்வியும் ஒளிந்திருக்கிறது. அரை நூற்றாண்டு சாதுவாக இருந்த எறும்பு ஏன் திடீரென்று பெருகியது? செடியின் சாற்றை உறிஞ்சி இனிப்பு நீரைச் சொரியும் செதிற்பூச்சியினங்கள் அங்கு வந்து பெருகின; அந்த இனிப்பே எறும்புக்கு வற்றாத உணவாயிற்று. இதைப் புரிந்துகொண்ட பின்னர், அப்பூச்சியைக் கட்டுப்படுத்தும் மிகச் சிறிய குளவியொன்றை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து 2016 டிசம்பரில் விடுவித்தார்கள். எறும்பை நேரே தாக்காமல் அதைப் பெருகச் செய்த நிலைமையைத் தேடிப் போனார்கள். அதற்கும் ஒரு அந்நியனின் உதவியே வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் இதற்கு மாறாக நடந்தது. தென் அமெரிக்காவின் செந்நெருப்பெறும்பு அலபாமாவின் மொபைல் துறைமுகம் வழியாக உள்ளே வந்தது. அதை மிக ஆரம்பத்தில், 1942 இல், கண்டு குறித்தவர்களில் ஒருவன் பதின்மூன்று வயதுப் பையன். மீன் பிடிக்கையில் நேர்ந்த விபத்தில் ஒரு கண்ணின் பார்வையை இழந்திருந்ததால், அண்மையில் வைத்துப் பார்க்கக்கூடிய சிறிய உயிர்களின் பக்கம் திரும்பியவன் அவன். பிற்காலத்தில் உலகின் பெரிய எறும்பியல் அறிஞரான எட்வர்ட் ஓ. வில்சன்தான் அந்தப் பையன். பதினைந்து ஆண்டுகளின் பின், 1957 இல், அமெரிக்க அரசு அந்த எறும்பை முற்றாக ஒழிக்கப் புறப்பட்டது. ஹெப்டகுளோர், டீல்ட்ரின் ஆகிய கடும் நஞ்சுகள் விமானத்திலிருந்து பல இலட்சம் ஏக்கரில் கொட்டப்பட்டன. பறவைகள் செத்தன, கால்நடைகள் செத்தன, சுதேச எறும்புகளும் செத்தன. நெருப்பெறும்பு சாகாமல் வெற்று நிலத்தில் மீண்டும் பெருகியது. ரேச்சல் கார்சன் 1962 இல் எழுதிய 'மௌன வசந்தம்' நூல் இந்த அவலத்தையும் பதிவு செய்தது.

புளோரிடாவில் கிங், ஷின்கெல் என்ற இரு ஆய்வாளர்கள் செய்து 2008 இல் வெளியிட்ட பரிசோதனை இன்னும் ஆழமாகச் சிந்திக்க வைப்பது. சிதைக்கப்படாத காட்டு நிலத்தில் நெருப்பெறும்புகளை வேண்டுமென்றே கொண்டுபோய் விட்டார்கள். அங்கிருந்த சுதேச எறும்புகளுக்குப் பெரிய பாதிப்பு ஏற்படவில்லை. ஆனால் நிலத்தை உழுது, புல்லை வெட்டிச் சீர்குலைத்த இடங்களில் சுதேச எறும்புகள் குறைந்தன, நெருப்பெறும்புகள் பெருகின. அந்த நிலங்களில் முதற் குற்றவாளி கலப்பைதான். எறும்பு பின்னால் வந்து காலி வீட்டில் குடியேறியது. எல்லா நாட்டிலும் எல்லா எறும்புக்கும் இது பொருந்தாது. கிறிஸ்மஸ் தீவில் எறும்பு காட்டுக்குள்ளேயே புகுந்தது. ஆயினும் ஊவா மலைகளில் நின்று இதை வாசிக்கும்போது நெஞ்சில் தைக்கிறது. மலைகளின் காட்டை முற்றாக வெட்டி முதலில் கோப்பியும் பின்னர் தேயிலையும் நட்டவர்கள் நிலத்தைத் தலைகீழாக்கினார்கள். அந்த வேலைக்கென்று கடல் கடந்து கொண்டுவரப்பட்ட ஏழைகளுக்குத்தான் பின்னாளில் வந்தேறி என்ற பெயர் விழுந்தது. காட்டை அழித்தவர்களின் பெயர்கள் இன்றும் தோட்டங்களுக்குக் கௌரவமாக நிலைத்திருக்கின்றன.

இங்கே நமது மரபிலுள்ள ஒரு செய்தி நினைவுக்கு வருகிறது. புகாரி, முஸ்லிம் ஆகிய இரு தொகுப்புகளிலும் இடம்பெற்ற ஹதீஸ் அது. முற்கால நபி ஒருவரை ஓர் எறும்பு கடித்தது. அவர் அந்த எறும்புகளின் இருப்பிடம் முழுவதையும் எரிக்கச் செய்தார். கடித்தது ஒன்றாயிருக்க, இறைவனைத் துதிக்கும் ஒரு சமுதாயத்தையே அழித்தீரே என்று அவர் கண்டிக்கப்பட்டார். கடித்த எறும்பின் மீது நடவடிக்கை எடுத்ததற்காக அவர் கண்டிக்கப்படவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். தீங்குக்கு எதிராக நம்மைக் காத்துக்கொள்வதில் தவறில்லை. ஒன்றின் செயலை இனம் முழுவதன் மேலும் சுமத்துவதில்தான் அநியாயம் இருக்கிறது. எறும்பின் பெயரிலேயே ஒரு அத்தியாயத்தைக் கொண்ட வேதம் நம்முடையது. அதில் சுலைமான் நபியின் படை வருவதைக் கண்டு தன் கூட்டத்தை எச்சரிக்கும் எறும்பு, அந்தப் படை அறியாமலேயே மிதித்துவிடக்கூடும் என்று சொல்கிறது. எதிரியின் நோக்கத்தைக்கூட நியாயமாக எடைபோடும் பண்பு அந்தச் சின்னஞ்சிறு உயிருக்கு இருந்தது. 1915 இல் கரையோரச் சோனகரின் கடைகளைக் கொளுத்தியவர்களிடமும், 1990 ஒக்டோபரில் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியவர்களிடமும் அது இருக்கவில்லை.

நம்முடைய பக்கத்தையும் பார்க்க வேண்டும். 1888 இல் பொன்னம்பலம் இராமநாதன் சோனகர் இனத்தால் தமிழரே என்று வாதிட்டதும், 1907 இல் ஐ.எல்.எம். அப்துல் அஸீஸ் அதை மறுத்து எழுதியதும் நமது இலக்கிய வட்டங்களில் இன்றும் பேசப்படுகிறது. அந்த மறுப்புக்கு அன்றைய அரசியலில் தேவை இருந்தது. ஆனால் அன்று தொட்டு நாமும் நமது உரிமையை மூதாதையரின் துறைமுகத்தில் தேடப் பழகிவிட்டோம். எவ்வளவு பழமையானவர்கள் நாம், யாருக்கு முன் வந்தோம் என்று நிறுவுவதில் காட்டிய ஆர்வத்தில், பிந்தி வந்தவருக்கும் உரிமை உண்டு என்று வாதிட மறந்துபோனோம். 'இலங்கைச் சோனகர்', 'கரையோரச் சோனகர்' என்ற பாகுபாட்டை நம்மவரே பேணிய காலமும் இருந்தது. முந்தி வந்தவன் பிந்தி வந்தவனைப் பார்த்து வந்தேறி என்று சொல்லும் வரிசையில் நாமும் ஓரிடம் பிடித்துக்கொண்டால், அந்த வரிசையை எதிர்க்கும் தகுதி நமக்கு எப்படி வரும்?

மனிதரை எறும்போடு ஒப்பிடுவது பிழை என்று ஒருவர் சொல்லலாம். நானும் அதைத்தான் சொல்கிறேன். ஆக்கிரமிப்பு இனம் என்பது உயிரியலின் சொல். வெவ்வேறு இனங்களுக்கிடையிலான உறவைப் பேசுவது. மனிதர் எங்கும் ஒரே இனம். அந்தச் சொல்லை மனிதர் மேல் பிரயோகிப்பது விஞ்ஞானத்தைத் திருடுவதாகும். ஆனால் எறும்பிடம் ஒரு பிள்ளை பழகும் நிதானம் மனிதரிடமும் அதற்குக் கைகொடுக்கும். கேள்வியைப் பிரித்துக் கேட்கப் பழகிய பிள்ளையை யாரும் எளிதில் கூட்டத்தில் சேர்த்துக் கல்லெறிய வைக்க முடியாது.

சுதேசம் என்ற சொல்லை உரத்துச் சொல்வோருக்காக இன்னுமொரு தகவல். 2020 இல் வெளியான விரிவான பட்டியலின்படி இலங்கையில் 341 எறும்பினங்கள் பதிவாகியுள்ளன. அவற்றுள் ஒன்று உலகில் வேறெங்கும் இல்லாதது. 'அனியூரெட்டஸ் சைமோனி' என்பது அதன் பெயர். அதன் உறவினங்கள் எல்லாம் அழிந்து, புதைபடிவங்களாக மட்டுமே மிஞ்சியிருக்கின்றன. ஒரு முழு உபகுடும்பத்தின் கடைசி வாரிசு இந்தத் தீவின் ஈரக் காட்டுச் சருகுக்கு அடியில் உயிரோடிருக்கிறது. 1893 இல் இத்தாலிய அறிஞர் எமெரி அதை விவரித்தார். அதைத் தேடி 1955 இல் வந்தவர், மொபைலில் நெருப்பெறும்பைக் கண்ட அதே வில்சன். கண்டிக் காட்டில் தேடிக் கிடைக்காமல் இரத்தினபுரிப் பக்கம் போய்க் கண்டுபிடித்தார். பின்னர் களனிப் பல்கலைக்கழகத்தின் ஆர்.கே.எஸ். டயஸ் முதலானோர் அது வாழும் இடங்களை மேலும் தேடிப் பதிந்தார்கள். அழியும் அபாயம் மிக உச்சத்திலுள்ள இனமாக 1996 இலேயே அது வகைப்படுத்தப்பட்டது.

இந்த மண்ணின் உண்மையான பூர்வீகக் குடி என்று எதையாவது சொல்வதானால் இதைச் சொல்லலாம். ஆனால் மண்ணின் மைந்தர் என்று மேடையேறுவோரில் எத்தனை பேருக்கு இதன் பெயர் தெரியும்? அது வாழும் காட்டைக் காக்க எத்தனை ஊர்வலம் போயிற்று? சுதேசப் பற்று என்பது அந்நியரை வெறுப்பதால் நிரூபணமாவதில்லை. இங்கே இருப்பதை அறிந்து, அது வாழ இடம் விடுவதால் நிரூபணமாகிறது. அந்தக் கடமையைச் செய்ய எவரும் முந்தி வந்திருக்க வேண்டியதில்லை. நேற்று வந்தவரும் செய்யலாம். அமெரிக்காவிலிருந்து வந்த ஒருவர் அதற்காகக் காட்டில் முழந்தாளிட்டுச் சருகைக் கிளறினார்.

எங்கள் அட்டவணையை மாற்றினோம். இரண்டு நிரல்களும் அழிக்கப்படவில்லை. அவற்றுக்கும் பயன் உண்டு. தாயகம் தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் 'தெரியவில்லை' என்று எழுத வேண்டும். அவற்றுக்கு முன்னால் இன்னும் இரண்டு நிரல்கள் சேர்ந்தன: 'இங்கே என்ன செய்தது?', 'இந்த இடத்துக்கு முன்னர் என்ன நடந்தது?' பிந்தியதை நிரப்புவதற்காகப் பிள்ளைகள் வீட்டில் பெரியவர்களிடம் கேட்டு வருகிறார்கள். எந்த மலை எப்போது காடாக இருந்தது, எங்கே மண் சரிந்தது, குப்பைக் குழி எப்போது வந்தது, எந்த மரத்தை எப்போது வெட்டினார்கள் என்று எழுதி வருகிறார்கள். எறும்பைப் பற்றிய ஏடு மெல்ல மெல்ல ஊரின் ஏடாகி வருகிறது.

ஒரு கிராமத்துப் பாடசாலையின் பிஸ்கட் தூளால் நாட்டின் சட்டங்கள் மாறிவிடும் என்று நான் எழுதவில்லை. ஆனால் சட்டங்களை எழுதப்போகிறவர்களும் அவற்றுக்குக் கைதூக்கப்போகிறவர்களும் இப்போது ஏதோ ஒரு தரம் 8 வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள். முன்பின் தெரியாத ஓர் உயிர் எதிரே வந்தால் ஒரு மணித்தியாலம் பொறுத்திருந்து, அது என்ன செய்கிறதென்று பார்த்து, பார்த்ததை மட்டும் எழுதுகிற பழக்கம் அவர்களிடம் இருந்தால் எவ்வளவோ மிச்சம். இலக்கியம் எழுதுகிற நாமும் அந்த ஒரு மணித்தியாலத்தைக் கடனாக வாங்கிக்கொள்ளலாம்.